ரேடியோ தொலைநோக்கியும் பள்ளி ஆசிரியரும்

பள்ளிக்கூட ஆய்வுக்கூடங்களில் நடைபெறும் சோதனைகள் பெரும்பாலும் விடை தெரிந்த சோதனைகளேயாகும். ஊசலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் மாணவன், தனக்குக் கிடைத்த எண் 980-ஐ அடுத்து நின்றால் சோதனை நிறைவேறியது என மகிழ்கிறான். வெகுவாக விலகி நின்றால், சில வேளைகளில் அளவுகளையே திருத்தி எழுதிவிடுகிறான். இத்தகைய சோதனைகள் கருவிகளைக் கையாளும் பழக்கத்தை அவனுக்கு அளிக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால், விடை எவருக்கும் தெரியாத ஒரு கேள்வியின் முன் நிற்கும்போது என்ன செய்வது, கையிலுள்ள அளவு மெய்யா பொய்யா என்று எங்ஙனம் தீர்மானிப்பது என்பனவற்றை அவை கற்பிப்பதில்லை. விஞ்ஞானத்தின் உயிர்நாடியோ இவ்விரு கேள்விகளிலேயே அடங்கியுள்ளது.

இக்குறையை நீக்கும் பொருட்டு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் சிறப்பானது ஒன்று, பள்ளி ஆசிரியர்களை ரேடியோ தொலைநோக்கி இயக்கப் பயிற்றுவித்து, அவர்கள் வாயிலாக மாணவர்களை வான ஆராய்ச்சியில் ஈடுபடுத்துவதாகும். அமெரிக்க நாட்டின் மேற்கு விர்ஜீனியா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த கிரீன் பேங்க் என்னும் சிற்றூரில் இப்பணி 1987-ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்று வந்துள்ளது. அதன் முறையும் பயனும் நம் நாட்டு ஆசிரியர்களும் அறிந்துகொள்ளத் தக்கவை.

கண்ணுக்குப் புலப்படாத வானம்

விண்ணிலுள்ள பொருள்கள் ஒளியை மட்டுமன்றி ரேடியோ அலைகளையும் வெளியிடுகின்றன. இவ்வுண்மை தற்செயலாகவே வெளிப்பட்டது. கார்ல் ஜான்ஸ்கி என்ற அமெரிக்கப் பொறியாளர், கடல் கடந்த தொலைபேசித் தொடர்புக்கு இடையூறு செய்யும் இரைச்சல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார். இடி மின்னலால் எழும் இரைச்சல்களை நீக்கிய பின்னரும், மெல்லிய சீறல் ஒன்று எஞ்சி நின்றது. அது 24 மணிக்கு ஒரு முறை உச்சம் பெறவில்லை; 23 மணி 56 நிமிடங்களுக்கு ஒரு முறை உச்சம் பெற்றது. ஒரு விண்மீன் மீண்டும் அதே இடத்திற்கு வந்து சேர ஆகும் காலம் அதுவே. எனவே அந்த அலைகளின் பிறப்பிடம் பூமியுமன்று, சூரியனுமன்று. பால்வீதி மண்டலமே என்று 1933-இல் அவர் அறிவித்தார். 1937-இல் கிரோட் ரீபர் என்பார் தம் வீட்டுத் தோட்டத்தில், ஏறத்தாழ 31 அடி விட்டமுள்ள கிண்ண வடிவ ஆன்டெனா ஒன்றைத் தாமே அமைத்து, இத்துறையை மேலும் வளர்த்தார்.

ரேடியோ தொலைநோக்கியின் அமைப்பு எளியது. கிண்ணம் அலைகளைத் திரட்டி ஒரு புள்ளியில் குவிக்கிறது. அங்குள்ள ஆன்டெனா அவற்றை மின்னோட்டமாக மாற்றுகிறது. பெருக்கிகள் அம்மின்னோட்டத்தைப் பன்மடங்கு பெருக்குகின்றன. பதிவுப்பொறியோ கணிப்பொறியோ அதனைப் பதிவு செய்கிறது. அதன் வழியே கண் வைத்துப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. எனினும் பள்ளிகளுக்கு இக்கருவி ஏற்றது என்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஒளித் தொலைநோக்கிக்கு இருளும் தெளிந்த வானமும் வேண்டும். ரேடியோ தொலைநோக்கியோ நண்பகலிலும், மேகம் மூடிய நாளிலும் பணி புரியும். மாணவர்கள் பள்ளி நேரத்திலேயே வானத்தை ஆராய இயலும்.

நாற்பது அடிக் கருவி

கிரீன் பேங்கிலுள்ள பயிற்சிக் கருவி 40 அடி, அதாவது சுமார் 12 மீட்டர் விட்டமுடையது. 1960-களின் தொடக்கத்தில், சில ரேடியோ மூலங்களின் வலிமை நாளுக்கு நாள் மாறுகிறதா என்பதைக் கண்காணிப்பதற்காக அது நிறுவப்பட்டது. அப்பணி முடிந்த பின் பல ஆண்டுகள் வாளா கிடந்த அது, 1987-இல் செப்பனிடப்பட்டு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியதாயிற்று.

இக்கருவி எல்லாத் திசைகளிலும் திரும்பாது. தெற்கு வடக்காக, தலைக்கு மேல் செல்லும் உச்சிவட்டத்தின் வழியே மட்டும் அதனைச் சாய்க்கலாம். கிழக்கு மேற்காகத் திருப்பும் பொறுப்பைப் பூமியே ஏற்றுக்கொள்கிறது. குறித்த மூலத்தின் உயரத்திற்குக் கிண்ணத்தைச் சாய்த்துவிட்டு, பூமியின் சுழற்சியால் அம்மூலம் உச்சிவட்டத்தைக் கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். அது கடக்கும்போது பதிவுத்தாளில் ஓடும் எழுதுமுனை மெல்ல எழுந்து, ஒரு குன்று போன்ற கோட்டை வரைந்து, மீண்டும் தாழும்.

இக்குறைபாடே இக்கருவியைச் சிறந்த ஆசானாக ஆக்கியுள்ளது. எந்த மூலம் எப்பொழுது உச்சிவட்டத்தைக் கடக்கும் என்பதைப் பயிற்சி பெறுவோர் தாமே கணக்கிட வேண்டும். அதற்குக் கடிகார நேரத்தை விண்மீன் நேரமாக மாற்றும் முறை தெரிந்திருக்க வேண்டும். கணக்குப் பிழையானால் எழுதுமுனை அசைவதில்லை, காத்திருப்பு வீணாகிறது. மேலும், 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இக்கருவி ஒரு வேளையில் ஏறத்தாழ ஒரு பாகை அகலமுள்ள வானப் பகுதியையே உணர்கிறது. வான நடுவரைக்கு அருகிலுள்ள ஒரு மூலம் அவ்வளவு தூரத்தைக் கடக்க நான்கு நிமிடம் ஆகும். வடதுருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல இக்காலம் நீளும். காசியோப்பியா விண்மீன் குழுவிலுள்ள புகழ்பெற்ற ரேடியோ மூலம் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. பூமியின் சுழற்சியைப் பல்லாண்டுகள் பாடமாக நடத்திய ஆசிரியர்கள்கூட, ஒரு கோட்டின் அகலத்தில் அதனைக் காணும்போது அப்பாடத்தைப் புதிதாய்க் கற்கின்றனர்.

வானிலிருந்து வந்ததா, வீட்டிலிருந்து வந்ததா?

பயிற்சியின் மிக இன்றியமையாத பகுதி, எழுதுமுனை எழுந்த பின்னரே தொடங்குகிறது. எழுந்த குன்று மெய்யாகவே விண்ணிலிருந்து வந்த அலைகளின் அடையாளமா? ஓடும் மோட்டார் வண்டியின் தீப்பொறி, பழுதுற்ற மின்கம்பி, செயற்கைத் துணைக்கோள், கைப்பேசி ஆகிய யாவும் தாளில் கோடு வரையக்கூடியவை. விண்ணிலிருந்து வரும் அலைகள் இவற்றோடு ஒப்பிட அளவற்று மெலிந்தவை. இக்காரணத்தாலேயே கிரீன் பேங்கைச் சுற்றி ஏறத்தாழ 34,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், ரேடியோ ஒலிபரப்புகளைக் கட்டுப்படுத்தும் அமைதி வட்டாரம் ஒன்று 1958-இல் ஏற்படுத்தப்பட்டது. தொலைநோக்கிகளின் அருகே பெட்ரோல் வண்டிகளுக்கு இடமில்லை. மின்பொறியின்றி எரியும் டீசல் வண்டிகளே செல்லலாம்.

தேர்ந்த விஞ்ஞானிகளும் இதில் ஏமாறுவதுண்டு. ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்னுமிடத்திலுள்ள 64 மீட்டர் தொலைநோக்கியில் பல ஆண்டுகளாக விளங்காத சில துடிப்புகள் பதிவாகி வந்தன. ஆய்வு நிலையத்தின் சமையல் பகுதியிலிருந்த நுண்ணலை அடுப்பே அவற்றின் பிறப்பிடம் என்பது 2015-இல் கண்டறியப்பட்டது. அடுப்பு அணையுமுன் எவரேனும் அதன் கதவைத் திறந்தபோது வெளிப்பட்ட அலைகளே அவை.

ஆகவே, ஒவ்வொரு குன்றையும் ஐயுறுவதற்கு ஆசிரியர்கள் பழக்கப்படுகின்றனர். அதன் அகலம் கணக்கிட்ட காலத்தோடு ஒத்திருக்கிறதா? கிண்ணத்தைச் சிறிது சாய்த்தால் அது மறைகிறதா? எல்லாவற்றிற்கும் மேலாக, மறுநாள் அது நான்கு நிமிடம் முன்னதாக மீண்டும் தோன்றுகிறதா? நான்கு நிமிடம் முன்னதாக வந்தால் அது விண்மீன்களோடு சுழல்வது. அதே மணிக்கு வந்தால், மனிதனின் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டது என ஐயுற வேண்டும். ஜான்ஸ்கி கையாண்ட அதே சோதனையை ஒரு பள்ளி ஆசிரியர், இரண்டு நாள் பொறுமையும் ஒரு துண்டுக் காகிதமும் கொண்டு தாமே செய்துவிட இயலும்.

ஹைட்ரஜனின் செய்தி

ரேடியோ மூலங்களைக் கண்டு பழகிய பின்னர், அடுத்த படியாக அமைவது ஹைட்ரஜன் மேகங்களின் ஆராய்ச்சி. பால்வீதி மண்டலத்தில் பரவியுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் 1420.4 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அலைகளை வெளியிடுகின்றன. டச்சு விஞ்ஞானி வான் டி ஹல்ஸ்ட் 1944-இல் இதனை முன்னறிந்து கூறினார். 1951-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யூவன், பர்செல் ஆகிய இருவரும் இவ்வலைகளை முதன்முதலில் கண்டனர். அவர்கள் பயன்படுத்திய கருவி, ஒட்டுப்பலகையால் கூம்பு வடிவிற் செய்து செப்புத் தகடு பொருத்திய ஓர் ஆன்டெனாவே. 500 டாலர் உதவித் தொகையைக் கொண்டு அவ்வாராய்ச்சி நடந்தது.

நாற்பது அடிக் கருவியில் ஏற்பியின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே சென்றால், ஹைட்ரஜன் எவ்விடத்தில் எவ்வதிர்வெண்ணில் வலுவாக ஒலிபரப்புகிறது என்பது புலனாகும். ரயில் வண்டி விலகிச் செல்லும்போது அதன் ஊதல் ஒலி தாழ்வது போல, விலகிச் செல்லும் மேகத்தின் அதிர்வெண் தாழ்ந்து தோன்றும். மெகாஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கு தாழ்ந்திருந்தால், அம்மேகம் விநாடிக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது என்று பொருள். இக்கணக்கில் பூமியே சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதையும் கருத வேண்டும். அதனை மறந்தவரின் விடை பிழைபடும். பால்வீதி சுழல்கின்றது என்னும் உண்மையைப் புத்தகத்தில் படித்த ஆசிரியர், இங்கே அச்சுழற்சியைத் தம் கையால் அளக்கிறார்.

ஆசிரியரின் சங்கடம்

இப்பயிற்சியில் ஆசிரியர்கள் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு கருவியைப் பற்றியதன்று. வகுப்பறையில் ஆசிரியர் என்பவர் விடை அறிந்தவர். கேள்வி கேட்கும் மாணவனுக்கு விடை கூறுவது அவர் கடமை எனப் பழக்கமாகியுள்ளது. பதிவுத்தாளில் எதிர்பாராத ஒரு கோடு எழும்போது, அது யாது என்று அவருக்கும் தெரியாது. பயிற்சி அளிக்கும் வானநூலாரும் உடனே விடை கூறாமல், "நீங்கள் எவ்வாறு அறிந்தீர்கள்? வேறு காரணம் இருக்கலாகாதா?" என்றே திருப்பிக் கேட்பர். சிறு குழுக்களாகப் பிரிந்து, தாமே ஒரு கேள்வியைத் தேர்ந்து, இரவும் பகலும் முறை வைத்துக் கருவியை இயக்கி, கண்டவற்றை மற்றவர் முன் எடுத்துரைத்து, அவர்களின் ஐயங்களுக்கு விடையிறுப்பது பயிற்சியின் நடைமுறையாகும்.

இதனால் விளையும் பயன் பெரிது. 'தெரியவில்லை, கண்டுபிடிப்போம்' என்று மாணவர் முன் கூறுவது தம் மதிப்பைக் குறைக்காது என்பதை ஆசிரியர் அனுபவத்தில் உணர்கிறார். அவ்வாறு உணர்ந்த ஆசிரியரிடம் பயிலும் மாணவனே, பொருந்தாத அளவைத் திருத்தி எழுதாமல், அது ஏன் பொருந்தவில்லை என்று கேட்கத் துணிவான். கருவியைப் பள்ளிக்கு அளித்து, ஆசிரியரைப் பயிற்றாது விட்டால், அக்கருவியும் நாளடைவில் விடை தெரிந்த மற்றுமொரு சோதனையாகவே முடியும்.

மாணவர் கண்ட விண்மீன்கள்

மாணவரிடம் மெய்யான ஆராய்ச்சியை ஒப்படைக்கலாமா என்பதற்கு வரலாற்றில் விடை உண்டு. 1967-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், நாள்தோறும் நூறு அடிக்கு அண்மிய நீளமுள்ள பதிவுத்தாளைத் தம் கண்ணாலேயே ஆராய்ந்து வந்தார். அதில் அரை அங்குல அளவே இருந்த ஒரு சிறு கிறுக்கல் அவர் கருத்தை ஈர்த்தது. அது குறுக்கீடு போலவும் இல்லை. அறிந்த மூலங்களைப் போலவும் இல்லை. விண்மீன் நேரத்தை ஒட்டியே அது மீண்டும் மீண்டும் தோன்றியதை அவர் கண்டார். விரைவாக ஓடும் தாளில் பதிந்தபோது, 1.337 விநாடிக்கு ஒரு முறை தவறாது எழும் துடிப்பாக அது விளங்கிற்று. பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன்கள் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு இதுவே. அவை வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இதே வகையான வேலை நாற்பது ஆண்டுகள் கழித்துப் பள்ளி மாணவருக்குக் கிட்டியது. கிரீன் பேங்கின் 100 மீட்டர் பெருந்தொலைநோக்கி சுழன்று செல்லும் தண்டவாளம் 2007-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. அக்காலத்தில் கருவியைப் பக்கவாட்டில் திருப்ப இயலாமையால், வானம் அதன் முன் தானே நகர்ந்து செல்லுமாறு விட்டு, 350 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பதிவுகள் எடுக்கப்பட்டன. அப்பதிவுகளில் ஒரு பகுதி, மேற்கு விர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வாயிலாக உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கே ஒதுக்கப்பட்டது.

கணிப்பொறி வரைந்து தரும் படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பல்சாராக இருக்கக்கூடியவற்றைப் பிரித்தெடுப்பது மாணவர் பணி. மிகப் பெரும்பாலான படங்கள் வெறும் இரைச்சல், அல்லது மனிதரால் விளைந்த குறுக்கீடு. இங்கும் பழைய கேள்வியே எழுகிறது. விடை காணும் வழி மட்டும் வேறு. விண்மீன்களிடையே பரவியுள்ள எலெக்ட்ரான்களின் ஊடே வரும்போது, தாழ்ந்த அதிர்வெண் அலைகள் உயர்ந்த அதிர்வெண் அலைகளைவிடச் சற்றுப் பின்தங்கி வந்து சேரும். அவ்வாறு பின்தங்காமல் எல்லாம் ஒருங்கே வந்தால், அத்துடிப்பு பூமியிலேயே பிறந்தது என்று தள்ளிவிடலாம். பின்தங்கல் காணப்பட்டு, துடிப்பும் பதிவு முழுவதும் நீடித்தால், மீண்டும் தொலைநோக்கியை அவ்விடம் திருப்பிச் சோதிக்கத் தகும்.

அவ்வாறு சோதித்ததில் ஏமாற்றங்களே மிகுதி. எனினும் சில மெய்யாயின. 2009-ஆம் ஆண்டு முதல் மாணவரின் கண்டுபிடிப்புகள் வெளிவரலாயின. 2012-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர் இருவர் கண்ட ஒரு பல்சார், விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை சுழல்வது. அது மற்றொரு நியூட்ரான் விண்மீனை 45 நாட்களுக்கு ஒரு முறை சுற்றி வருகிறது என்றும், அதுவரை அறியப்பட்ட இத்தகைய இணைகளுள் மிக அகன்ற சுற்றுப்பாதையுடையது அதுவே என்றும் 2015-இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை தெரிவித்தது. மற்றவர் குறுக்கீடு எனத் தள்ளக்கூடியதையும், மற்றவர் கண்டுபிடிப்பு என மகிழக்கூடியதையும் வேறுபடுத்திக் காணக் கற்றதன் பயன் இது.

நம் நாட்டின் வாய்ப்புகள்

இந்தியாவில் ரேடியோ வானநூல் இளைஞர்களின் கைகளாலேயே வளர்ந்தது எனலாம். ஆஸ்திரேலியா அன்பளிப்பாக வழங்கிய ஆறடிக் கிண்ணங்கள் முப்பத்திரண்டைக் கொண்டு, பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1965-இல் பம்பாயை அடுத்த கல்யாணில் சூரியனை ஆராயும் நிலையம் அமைக்கப்பட்டது. அதில் பழகிய இளம் விஞ்ஞானிகளும் பொறியாளரும் உதகமண்டலத்தில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கியை 1970-இல் நிறைவேற்றினர். மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஒத்திருந்தமையால், அக்கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. பின்னர்ப் புனேக்கு வடக்கே கோடாட் கிராமத்தை நடுவாகக் கொண்டு, 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது கிண்ணங்கள் சேர்ந்த மாபெரும் தொலைநோக்கி எழுந்தது. பிப்ரவரி 28-ஆம் நாளாகிய தேசிய விஞ்ஞான தினத்தையொட்டி அங்கு நடைபெறும் கண்காட்சிக்குச் சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளின் மாணவர்கள் தாம் செய்த கருவிகளுடன் வருகின்றனர்.

பெருங்கருவிகள் பள்ளிக்குப் பள்ளி இருக்க இயலா. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அட்டையாலோ மரப்பலகையாலோ கூம்பு செய்து, உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டி, சிறு பெருக்கி ஒன்றும் மலிவான ஏற்பி ஒன்றும் கணிப்பொறியுடன் இணைத்தால், பால்வீதியின் ஹைட்ரஜன் அலைகளைப் பள்ளியின் மொட்டை மாடியிலிருந்தே பெறலாம். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் ஒலிபரப்புச் செய்தல் உலக நாடுகளின் உடன்பாட்டால் தடுக்கப்பட்டிருப்பது இதற்குத் துணை செய்கிறது. நகரத்தின் மற்றைக் குறுக்கீடுகள் இடையூறு செய்யும் என்பது உண்மையே. ஆயினும் அவற்றை இனங்கண்டு நீக்குவதும் பாடத்தின் ஒரு பகுதியே.

இன்றியமையாதது ஒன்று உண்டு. கூம்பின் அருகே நிற்கும் ஆசிரியர், கணிப்பொறித் திரையில் எழும் மேட்டைக் கண்டவுடன் "இதுவே பால்வீதி" என்று கூறிவிடாமல், "நாளை நான்கு நிமிடம் முன்னதாக வந்து பார்ப்போம்" என்று கூறத் தெரிந்தவராய் இருத்தல் வேண்டும். பலகையையும் அலுமினியத் தாளையும் எவ்வூரிலும் பெறலாம். அத்தகைய ஆசிரியரைப் பயிற்சியால்தான் பெற முடியும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் கைகோத்து முயன்றால், அப்பயிற்சி நம் நாட்டிற்கும் எட்டாததன்று.